மீதி பதின்மூன்று

மார்ச் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்க இந்தக் கடிதம் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் என் குரல் ஏறிவிடும், அதனால்தான் பேனா.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகளின் கல்யாண விருந்தில், நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில், நான் ஒரு எண்ணைப் பற்றிச் சொன்னேன். 5882353. முப்பத்தோரு வருடமாகத் தண்ணீர் மீட்டர் தொழிற்சாலையில் பித்தளைத் தகட்டில் எண் அடிக்கிறவன் நான். ஏப்ரல் முப்பதில் ஓய்வு. ஓய்வு பெறுகிற எண்காரன் தன் கடைசி வாரத்தில் அடிக்கும் மீட்டர்களில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம், அது எங்கள் பட்டறை வழக்கம். நான் கேட்கப்போவது இந்த எண். ஏனென்றால் அது எதாலும் வகுபடாது. உங்கள் பாடப் புத்தகத்தில் பகா எண் என்பீர்கள். எங்கள் பட்டறையில் ஒண்டிக்கட்டை என்போம்.

இதைத்தான் நான் நாலு பேருக்குச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் மூன்றாவது மேசையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது பதினேழுல வகுபடுமே!" என்றீர்கள். கூடமே சிரித்தது. "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உங்கள் கொழுந்தனார் வேறு எடுத்துக்கொடுத்தார்.

நான் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது எல்லோருக்கும் தெரியும். ஏன் போனேன் என்று யாரும் கேட்கவில்லை.

பதினேழை 346020 தடவை எடுத்தால் 5882340. மீதி பதின்மூன்று. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம். நீங்களே போட்டுப் பாருங்கள்.

எங்கே சொன்னீர்களோ அங்கேயே திருத்திச் சொல்ல வேண்டும். அதுவரை உங்கள் வாசற்படி மிதிப்பதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அப்பா


மார்ச் 9

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். போட்டுப் பார்த்தேன். மீதி பதின்மூன்றுதான்.

முப்பத்திரண்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். பலகையில் நான் எழுதிய விடையை ஒரு பிள்ளையும் எழுந்து மறுத்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன், மறைக்கவில்லை. அதனால் என் தவறு எப்படி வந்தது என்று விளக்கிவிடுகிறேன். மன்னிப்புக்காக அல்ல, கணக்குக்காக.

ஒன்றைப் பதினேழால் வகுத்தால் தசமத்தில் 0588235294117647 என்று பதினாறு இலக்கம் வரும், பிறகு அதே வரிசை திரும்பும். கல்லூரியில் பந்தயம் கட்டி மனப்பாடம் செய்தது, இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். நீங்கள் உங்கள் எண்ணைச் சொன்னதும் 588235 என்ற ஒலி காதில் விழுந்தது, பதினேழு வாயில் வந்துவிட்டது. உங்கள் எண்ணைப் பதினேழால் பெருக்கிப் பாருங்கள். 100000001. இரண்டு முனையிலும் ஒன்று, நடுவில் ஏழு பூஜ்யம். பதினேழு உங்கள் எண்ணுக்குள்ளே இல்லை, அதன் பக்கத்தில் நிற்கிறது. பெருக்க வேண்டியதை வகுத்துச் சொல்லிவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும்.

ஆனால் ஒன்று. பதினேழு இல்லை என்பதற்காக வேறு எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. "எதாலும் வகுபடாது" என்கிறீர்களே, அது மிகப் பெரிய வார்த்தை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். என்ன செய்து பார்த்தீர்கள்? நோட்டு இருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

நோட்டு சரியாக இருந்தால், அதே நாற்பது பேரைக் கூட்டி நானே சொல்கிறேன். சரியாக இல்லாவிட்டால், நீங்கள் வந்து அன்றைக்குப் பாதியில் வைத்த சாப்பாட்டை முடிக்க வேண்டும்.

இன்னொன்று. மருமகள் சமையலறையில் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கேட்டதற்கு மட்டும் "சரிங்க அத்தை" என்கிறாள். நல்ல பெண். நம் வம்புக்கு அவள் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

சம்பந்தி


மார்ச் 14

டீச்சரம்மாவுக்கு,

"திருத்தித் தருகிறேன்" என்ற வார்த்தையைப் படித்து இரண்டு நாள் கடிதத்தைத் தொடவில்லை. பிறகு நோட்டை எடுத்தேன். எனக்கு என் நோட்டின் மேல் நம்பிக்கை இருக்கிறது, பயம் எதற்கு?

பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நான் செய்த விதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகட்டில் எண் அடிக்கும்போது கை தன்பாட்டில் வேலை செய்யும், மனசுக்கு வேலை இருக்காது. ஒருவன் பாட்டு முணுமுணுப்பான். நான் வகுப்பேன். மூன்றில் போகுமா, ஏழில் போகுமா என்று. இப்படித்தான் பழகியது. ஓய்வு வாரத்தில் என்னென்ன எண் என் மேசைக்கு வரும் என்று போன வருடமே கணக்குப் போட்டு, அறுபது எண்ணைச் சலித்தேன். ஒன்று ஏழில் விழுந்தது, ஒன்று பதின்மூன்றில் விழுந்தது. இது ஒன்று மட்டும் அசையவில்லை. சரி, உன்னை விட்டேனா பார் என்று உட்கார்ந்தேன்.

2425-ஐ அதாலேயே பெருக்கினால் என் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, 2426-க்கு மேலே போய்விடுகிறது. ஆகவே 2425 வரை பார்த்தால் போதும். அதற்கு மேலே ஒருவன் வகுப்பான் என்றால் அவனுடைய ஜோடி கீழே இருந்தாக வேண்டும், கீழே ஏற்கனவே பார்த்தாயிற்று. அதிலும் ஒண்டிக்கட்டைகளால் மட்டும் வகுத்தால் போதும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கழிவு வாஷர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஒண்டிக்கட்டை எண்ணை அடித்து ஒரு தகர டப்பாவில் போட்டேன். மதியம் ஒன்று எடுப்பேன், வகுப்பேன், நோட்டில் மீதியை எழுதுவேன், வாஷரை இரண்டாவது டப்பாவில் போடுவேன். முதல் டப்பா காலியாக ஒரு வருடமும் சொச்சமும் ஆனது. எடுத்த வரிசையில்தான் நோட்டு இருக்கும், முன்னே பின்னே இருக்கிறது என்று குறை சொல்லாதீர்கள்.

மீட்டரின் பின்பக்கத்தில் நமக்குப் பிடித்ததை அடித்துக்கொள்ளலாம். சிலர் சர்வீஸ் வருடத்தை அடிப்பார்கள், சிலர் பிள்ளை பிறந்த தேதியை. நான் 1 என்று மட்டும் அடிக்கப்போகிறேன். ஒன்றையும் தன்னையும் விட்டால் இதற்கு வேறு யாரும் இல்லை என்று அர்த்தம். நானும் பதினொரு வருடமாக ஒண்டிக்கட்டைதான், மகளும் இப்போது உங்கள் வீட்டில். எந்த எண் வேண்டும் என்று ஏப்ரல் 15-க்குள் சூப்பர்வைசருக்கு எழுதித் தர வேண்டும். ஏப்ரல் 25 அது என் மேசைக்கு வரும். காகிதத்தில் எழுதினால் அழிக்கலாம். பித்தளையில் அடித்த பொய் பித்தளையிலேயே இருக்கும். அதனால் நன்றாகவே பாருங்கள்.

ஒரே வேண்டுகோள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கக்கூடாது. ஒரு வருட வேலையை அது கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும், அது எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
எண்காரன்


மார்ச் 24

சம்பந்தி அவர்களுக்கு,

கம்ப்யூட்டரைத் தொடவில்லை. உங்கள் மாப்பிள்ளை, "அம்மா, ரெண்டு செகண்டு வேலைம்மா" என்று மடிக்கணினியைத் திறந்தான். "மூடுடா அதை" என்றேன். மூடினான். மருமகள் அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

நோட்டை முழுவதும் பார்த்தேன். ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு வகுத்தலையும் நானும் போட்டேன். உங்கள் ஏழு ஒன்று மாதிரி இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். மற்றபடி மீதிகளில் ஒரே ஒரு பிழைகூட இல்லை. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர் என்று என் மகன் சொன்னான். எங்கள் பள்ளியில் பட்டம் வாங்கியவர்களே இப்படி ஒரு நோட்டு எழுத மாட்டார்கள். யாரிடமும் காட்டாமல் அலமாரியில் வைக்க மனம் வரவில்லை, கூட வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களிடம் காட்டினேன். "யாரு இவரு?" என்று கேட்டார்கள். "எங்க சம்பந்தி" என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

இப்போது கெட்ட செய்தி. 2425 வரைக்கும் பகா எண்கள் முந்நூற்று அறுபது. உங்கள் நோட்டில் இருப்பவை முந்நூற்று ஐம்பத்தொன்பது.

மூன்று தடவை எண்ணினேன். அச்சிட்ட அட்டவணையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். இல்லாதது 1061.

நான் அதை வகுக்கவில்லை. கை பரபரத்தது, பேனாவை மூடி வைத்துவிட்டேன். முந்நூற்று ஐம்பத்தொன்பதைச் செய்தவர்தான் அதையும் செய்ய வேண்டும். ஆனால் அதைச் செய்யும்வரை உங்கள் எண் ஒண்டிக்கட்டை என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லக்கூடாது.

சம்பந்தி


மார்ச் 28

டீச்சரம்மா,

1061 செய்தாயிற்று. அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள்தான் நோட்டில் எங்கேயோ விட்டிருப்பீர்கள். பதினேழில் விட்டவருக்கு இது பெரிய விஷயமா?

டப்பாவைக் கொட்டி வாஷரையே எடுத்துக் காட்டுகிறேன். அப்புறம் பேசுங்கள்.


ஏப்ரல் 4

சம்பந்தி அம்மாவுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

டப்பாவைத் தரையில் கொட்டினேன். பத்துப் பத்தாக அடுக்கினேன். முப்பத்தைந்து அடுக்கும் ஒன்பதும். 1061 இல்லை. அடித்தேன் என்று சத்தியம் செய்வேன், ஆனால் இல்லை. அரை நாள் மூளை குழம்பி உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தவன் சுற்றிக்கொண்டு வந்து அடுக்குக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கண் முன்னால் 1061! பாய்ந்து எடுத்தேன். கையில் எடுத்துத் திருப்பினால் 1901.

புரிந்ததா? வாஷர் வட்டமாக இருக்கும், அதற்குத் தலை எது கால் எது? எண் அடிக்கிற எங்கள் பஞ்ச் பெட்டியில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே பஞ்ச்தான், திருப்பிப் பிடித்தால் ஆறு ஒன்பதாகிவிடும். 1061-ஐத் தலைகீழாகப் பிடித்தால் 1901. இரண்டும் ஒண்டிக்கட்டைகள். 19-ம் 61-ம் இப்படித்தான், 109-ம் 601-ம் இப்படித்தான். அதற்காகவே எண்ணுக்குக் கீழே ஒரு கோடு அடிப்போம். சின்ன எண்களுக்கெல்லாம் ஒழுங்காக அடித்தேன். ஆயிரம் தாண்டியதும் எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் வந்துவிட்டது, கோட்டை விட்டுவிட்டேன்.

1901-ஐச் செய்து முடித்த பிறகு ஒரு நாள் டப்பாவிலிருந்து மறுபடி 1901 வந்தது. "அட, ரெண்டு தடவை அடிச்சுட்டேன் போலிருக்கு" என்று நானே சிரித்து அதைக் கழிவுத் தொட்டியில் வீசினேன். அது 1061. என் கையாலேயே வீசினேன், டீச்சரம்மா. முப்பத்தோரு வருடம் எண் அடித்தவன், ஒரு எண்ணைத் தலைகீழாகப் பிடித்தேன் என்று வெளியில் சொன்னால் பட்டறையே கைகொட்டிச் சிரிக்கும்.

அதன் பிறகும் மூன்று நாள் வகுக்கவில்லை. போயிற்று என்றால் எல்லாம் போயிற்று. முந்தாநாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும், சாப்பிடாமல் மேசையிலேயே உட்கார்ந்து போட்டேன்.

1061-ஐ 5544 தடவை. 5882184. மீதி 169.

வகுபடவில்லை! எழுந்து நின்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரன், "என்னண்ணே, விரல்ல அடிச்சுக்கிட்டீங்களா?" என்று ஓடி வந்தான்.

169 என்றால் பதின்மூன்று பெருக்கல் பதின்மூன்று. உங்கள் தவறுக்கு மீதி பதின்மூன்று, என் தவறுக்கு அதன் வர்க்கம். யார் தவறு பெரிது என்று எண்ணே சொல்லிவிட்டது. நீங்கள் தேடிக் கண்டுபிடித்திருக்காவிட்டால் நான் முழுதாகப் பார்க்காத எண்ணை முழுதாகப் பார்த்தேன் என்று பித்தளையில் அடித்திருப்பேன். எண் தப்பித்திருக்கும், நான் பொய்யனாகியிருப்பேன்.

இன்று காலை சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். 5882353.

எண்காரன்


ஏப்ரல் 13

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று வீட்டில் நான் உரக்கப் படித்தேன். 169 என்ற இடம் வந்ததும் மருமகள், "அப்பா!" என்று கையைத் தட்டிவிட்டு, பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வகுத்தலை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். இனி சொல்கிறேன்: உங்கள் எண் பகா எண். ஒண்டிக்கட்டை. சந்தேகமே இல்லை.

அத்தோடு விட எனக்கு மனசில்லை. நீங்கள் ஒரு வருடம் உழைத்தீர்கள், நான் வெறுமனே சிவப்பு மை போட்டேன் என்று இருக்கக்கூடாது அல்லவா? எனக்கும் ரோஷம் உண்டு.

கணக்கில் ஒரு பழைய விதி. ஒரு பகா எண்ணை நான்கால் வகுத்து மீதி ஒன்று வந்தால், அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். உங்கள் எண்ணை நான்கால் வகுத்தால் மீதி ஒன்று. அப்படியானால் அந்த இரண்டு எண்கள் எங்கோ இருக்கின்றன. தேடினேன். நானும் கம்ப்யூட்டர் இல்லாமல். 2425-இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினேன். வர்க்கத்தை எண்ணிலிருந்து கழிக்க வேண்டும், மிச்சமும் ஒரு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். எழுபத்திரண்டு தடவை இல்லை, இல்லை, இல்லை. எழுபத்து மூன்றாவது தடவை 2353. அதன் வர்க்கம் 5536609. கழித்தால் 345744. அது 588-இன் வர்க்கம்.

கிடைத்துவிட்டது என்று அடிக்கோடு போட்டுவிட்டு டீ போட எழுந்தேன். அடுப்பைப் பற்ற வைக்கும்போதுதான் உறைத்தது. ஓடி வந்து மறுபடி பார்த்தேன்.

588. 2353. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

5882353!

உங்கள் எண்ணை நடுவில் வெட்டினால் கிடைக்கும் இரண்டு துண்டுகள்தான் அவை. ஒவ்வொன்றையும் அதாலேயே பெருக்கிக் கூட்டினால் திரும்ப அதே எண். இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்படி ஒன்றைத் தன் கையால் தோண்டி எடுக்கிற பாக்கியம் கிடைத்ததில்லை. இதற்கு முன்னால் யாராவது கண்டிருப்பார்கள், எனக்குத் தெரியும். இருக்கட்டும். எங்கள் வீட்டு மேசையில் கண்டவள் நான்தான்.

அறுபது எண்ணில் இதை எப்படிப் பொறுக்கினீர்கள்? "அசையவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைக்கு என்ன தெரியுமோ!

பிள்ளைகள் ஏப்ரல் 24 ஞாயிறு புது வீட்டுக்குக் குடி போகிறார்கள். மதியச் சாப்பாடு. அதே நாற்பது பேரும் வருகிறார்கள், நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறேன். நீங்களும் வர வேண்டும்.

சம்பந்தி


ஏப்ரல் 26

சம்பந்தி அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வராததற்கு மன்னியுங்கள். கோபத்தில் இல்லை. நான் எதிரில் உட்கார்ந்திருந்தால் என் முகத்துக்காகச் சொன்னீர்கள் என்று ஆகிவிடும். நான் இல்லாத இடத்தில் சொல்கிறீர்களா என்று பார்க்கலாம் என்ற அல்ப புத்தியும் கொஞ்சம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அப்பா, அத்தை யாரையும் சாப்பிட விடலப்பா! எல்லாருக்கும் ஒரு துண்டுக் காகிதம், ஒரு பென்சில். 'அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எங்க சம்பந்தி சொன்னதுதான் சரி. என் வார்த்தையை நம்பிச் சிரிச்சீங்கல்ல, இப்ப நீங்களே பதினேழால வகுத்துக் காட்டுங்க, அப்புறம்தான் சாப்பாடு'ன்னுட்டாங்க. நாப்பது பேரும் உக்காந்து வகுக்கிறாங்க! சின்ன மாமாவுக்கு மீதி பன்னெண்டு வந்துச்சு. 'மறுபடி போடுங்க'ன்னு பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. எல்லாரும் பதிமூணுன்னு சொன்னப்புறம்தான் தட்டே வெச்சோம். கடைசியில உங்க நோட்டைத் தூக்கிக் காட்டினாங்கப்பா. எனக்கு அழுகை வந்துருச்சு."

போனை வைத்துவிட்டு எழுந்தேன். என் உயரம் ஒரு அடி கூடியது மாதிரி இருந்தது. உங்கள் சம்பந்தி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை, டீச்சரம்மா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

நேற்றுப் பத்தேகால் மணிக்கு எண் என் மேசைக்கு வந்தது. பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஏழு இலக்கம், ஏழு அடி. ஒரு இலக்கம்கூடச் சாயவில்லை. 588-ஐ அடித்ததும் ஒரு நொடி சுத்தியலை நிறுத்தி, பிறகு 2353-ஐ அடித்தேன். ஏன் நிறுத்தினேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பிறகு பின்பக்கம். 1 அடிப்பதாக எழுதியிருந்தேன். அது இனிப் பொருந்தாது என்று தோன்றியது, விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு மாதத்துக்கு முன்னால் வேறொரு யோசனையும் இருந்தது. 17 என்றும் 13 என்றும் அடித்து உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவிட வேண்டும் என்று. நாற்பது பேர் முன்னால் நீங்களே அதைச் சொல்லிவிட்ட பிறகு, அதை எடுத்து அடிக்க நான் யார்?

என் தவறைத்தான் பட்டறையில் யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அது கழிவுத் தொட்டியோடு போயிருக்கும்.

அதனால் பின்பக்கம் 1061 என்று அடித்தேன். பக்கத்தில் 169. "இது என்னண்ணே கணக்கு?" என்று கேட்டார்கள். வாஷரைத் தலைகீழாகப் பிடித்த கதையை முழுதாகச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மே 1 ஞாயிறு வருகிறேன். மீட்டர் பிள்ளைகள் வீட்டுக்கு, என் கையாலேயே மாட்டுகிறேன். தட்டைப் பாதியில் வைக்க மாட்டேன். மாட்டுவதற்கு முன்னால் உங்கள் கையில் தருகிறேன், திருப்பித் திருப்பிப் பாருங்கள். இந்தத் தடவை இரண்டு எண்ணுக்குக் கீழேயும் கோடு அடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி